லீவாவின் மணல் மலைகள்

அபுதாபி நகரிலிருந்து தென்மேற்கே 200 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்தால், பேரீச்சந் தோப்புகள் பிறைவடிவாக அமைந்த லீவா என்னும் பாலைச்சோலையை அடையலாம். அதற்குத் தெற்கே பசுமையைக் காண்பது அரிது. செம்மண் நிற மணல் மலைகளும், அவற்றினிடையே வெண்மையாகப் பூத்த உப்புத் தரைகளுமே கண்ணுக்குத் தெரிகின்றன. அரபியர் 'ரப் அல் காலி' என்றழைக்கும் இப்பெரும் பாலையை, பிரிட்டிஷ் பயணி வில்பிரட் தெசிஜர் 1946-க்கும் 1948-க்கும் இடையே ஒட்டகங்களின் துணையுடன் இருமுறை கடந்தார். இன்று நாற்சக்கர விசையுள்ள வண்டிகள் இங்கே ஏறி இறங்குகின்றன. ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ளதெனச் சொல்லப்படும் மொரீப் மேட்டில் குளிர்காலத்தில் வண்டிகளுக்குப் போட்டியே நடைபெறுகிறது.

எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரினர். தார்ச்சாலை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் 35 பவுண்டு இருந்த காற்றழுத்தத்தை 15 பவுண்டாகக் குறைத்தார். காற்றுக் குறைந்த டயர் அகன்று படிவதால் மணலில் எளிதில் புதையாது. பிறகு, வழுக்கும் காரின் படமிட்ட ஒரு பொத்தானை அழுத்தினார். டிராக்ஷன் கண்ட்ரோல் அணைந்துவிட்டதென ஒரு மஞ்சள் விளக்கு அறிவித்தது.

"பாதுகாப்புக்கென்று வைத்ததை அணைக்கலாமா, தம்பி?" என்று கேட்டேன்.

"தார் ரோட்டுக்கு அது காவல்தான், ஐயா. மேட்டுல பாதியிலே நம்மள நிறுத்திப்புடும்" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு கருவி ஓயாது அளந்துகொண்டிருக்கிறது. ஒரு சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்றால், அதற்குப் பிரேக் போட்டு, எஞ்சினின் விசையையும் குறைத்துவிடுகிறது. மழையில் நனைந்த சாலையில் இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் மணலில் சக்கரங்கள் ஓரளவு வழுக்கிச் சுழன்றால்தான் வண்டி நகரும். ஏற்றத்தைக் கடக்க வேகமும் குன்றாதிருத்தல் வேண்டும். விசை மிகத் தேவைப்படும் அந்நொடியிலேயே கருவி அதைப் பறித்தால், வண்டி சரிவில் நின்று புதைகிறது. கோடையில் 45 பாகையையும் தாண்டும் வெயிலில், துணைவண்டி இன்றி அவ்வாறு சிக்குவது விளையாட்டன்று. அப்போது வண்டியைப் பக்கவாட்டில் திருப்ப முயல்வோரும் உண்டு. உருண்டு கவிழ்வதற்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை. ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்குவதே முறை.

பொத்தானைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். பல வண்டிகளில் அதைச் சற்றே அழுத்தினால் டிராக்ஷன் கண்ட்ரோல் மட்டும் அணையும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், திருப்பங்களில் வண்டி நிலைதவறாது காக்கும் ஏற்பாடும் சேர்ந்தே அணைந்துவிடும். இந்த இரண்டாவதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாக்கியது என்றால் அதன் அருமை விளங்கும். நடுமேட்டில் எஞ்சின் நின்று மீண்டும் கிளப்பினால், பெரும்பாலான வண்டிகளில் எல்லாம் பழையபடி உயிர்பெறும். பொத்தானை மறுபடியும் அழுத்தவேண்டும். வண்டிக்கு வண்டி இது வேறுபடுவதால், உடன்வரும் கையேட்டைப் புறப்படுமுன் படிப்பது நன்று. நம் இளைஞர்கள் பொதுவாகத் திறந்து பாராத நூல் அது!

கரடுமுரடான இடமெல்லாம் இதை அணைக்கவேண்டும் என்பதுமில்லை. ஓமான் எல்லையையொட்டிய ஹஜர் மலைகளின் வறண்ட ஓடைகளில், பாறைமேல் ஏறும் வண்டியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி வீணே சுழலும். அங்கே இதே கருவி அச்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, தரையில் ஊன்றிய சக்கரத்திற்கு விசையை அனுப்புகிறது. அங்கே அதை அணைப்பவன் தன் உதவியாளைத் தானே துரத்துகிறான்.

மாலையில் மீண்டும் தார்ச்சாலைக்கு வந்ததும், டயர்களுக்குக் காற்றடிக்கக் கால்மணி நேரத்திற்கும் மேல் பிடித்தது. விரைவாகச் செல்லும் லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஓட்டுநர் பொத்தானை அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே வண்டியை நகர்த்தினார்.