மணல் மூடும் கரையும் பனி மூடும் ஊரும்

மாண்ட்ரியலில் பெரும்பனி பெய்து ஓய்ந்த பிறகுதான் தெருவில் சத்தம் கூடும். எத்தனை மணிக்குள் வண்டிகளை எடுக்க வேண்டும் என்று தெருத்தெருவாக ஆரஞ்சு நிறப் பலகை நட்டிருப்பார்கள். நேரம் நெருங்கியதும் இழுவை வண்டி சைரன் போட்டுக்கொண்டு வரும். அப்போதும் எடுக்காத காரைப் பக்கத்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னாலேயே பனியை ஒதுக்கும் கிரேடர், அதை வாரி லாரிக்குள் பீய்ச்சும் இயந்திரம், வரிசையாக லாரிகள். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு நள்ளிரவில் கேட்கும் அந்தச் சைரன் பழகிப்போன ஒன்று.

அவர்களில் பலர் கடல் கடந்து வந்தவர்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையின் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி, ராமேஸ்வரம் கரையில் இறங்கி, மண்டபம் அகதி முகாமில் காலம் தள்ளியவர்களும் உண்டு. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கனடிய மீனவர்கள் மீட்டது உலகச் செய்தியானது. கரை சேர்ந்த அவர்களும் மாண்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும்தான் போனார்கள்.

ராமேஸ்வரம் கரையை அறிந்தவர்களுக்கு, சாலையை மூடுவது என்றால் மணல்தான். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் நிலையமும் தேவாலயமும் இடிபாடாயின. பயணிகளோடு ஒரு ரயில் கடலுக்குப் போனது. சேதமடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியையோ வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்துக் கைவிட்டார்கள். அதன் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போய்ச் சேர்ந்தது 2017 ஜூலையில். இடைப்பட்ட அரை நூற்றாண்டும் மீனவர்கள் மணலில் நடந்தார்கள், அல்லது மணலில் புதைந்து புதைந்து போகும் வேனில் தொற்றிக்கொண்டார்கள்.

மாண்ட்ரியலில் சாலையை மூடுவது பனி. வருடத்துக்குச் சுமார் 2 மீட்டர் பெய்கிறது. நகராட்சி அள்ளும் பனி ஏறத்தாழ 1.2 கோடி கன மீட்டர். முன்பு அதில் ஒரு பகுதியை செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கொட்டினார்கள். தெருவில் தூவிய உப்பும் எண்ணெய்க் கசடும் ஆற்றைக் கெடுத்ததால் அது நின்றது. இப்போது அதில் ஒரு பெரிய பங்கு சென் மிஷேல் பகுதியில் உள்ள ஃபிராங்கோன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகிறது. குவாரி ஆழத்தில் இறுகிய பனி கோடையிலும் கரையாமல் அழுக்குக் குன்றாகக் கிடக்கும்.

செயின் புல்டோசருக்கு வேலை இப்படிப்பட்ட கொட்டுமிடங்களில்தான். தெருவில் அதை இறக்கினால் இரும்புச் செயின் தாரைக் கிழித்துவிடும். கொட்டிய பனிமேட்டிலோ டயர் வண்டி புதையும். எடையை அகலமாகப் பரப்பி நிற்கும் செயின் வண்டி மேலேறிப் போகும். அதற்கும் சிக்கல் உண்டு. செயின் தகடுகளின் இடுக்கில் பனி அடைந்து கல்லாக இறுகும். அதைப் பிதுக்கி வெளியேற்ற ஓட்டை போட்ட தகடுகளை மாட்டுவார்கள். வெறும் ஐஸில் வழுக்காமலிருக்கத் தகடுகளில் கூரான பற்கள் வேண்டும். ஆபரேட்டர் பிளேடைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அடியில் ஓர் அடுக்குப் பனியை விட்டுத் தள்ளினால்தான் வண்டிக்குப் பிடிமானம் கிடைக்கும்.

நடைபாதைக்குத் தனி வண்டி. ஆள் அகலமே உள்ள, செயினில் ஓடும் சிறு கலப்பை வண்டி அது. அதன் பூர்வீகம் கியூபெக் மாநிலத்தின் வால்கோர் ஊர். 1934 குளிர்காலத்தில் அங்கே ஜோசஃப் அர்மான் பாம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன், பனி அடைத்த சாலையைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்துபோனான். 1937இல் அந்தத் தகப்பன் செயினில் ஓடும் பனிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அவருடைய வண்டிகள் ஆம்புலன்ஸாகவும் பள்ளிப் பேருந்தாகவும் ஓடின. ஊரிலிருந்து வந்து முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் வயதான அம்மாக்கள் இன்று ஜன்னலோரத்தில் காத்திருப்பது அந்த நடைபாதை வண்டிக்குத்தான். அது போன பிறகே கோயிலுக்கும் கடைக்கும் போகக் கால் வைக்க முடியும்.

நம் நாட்டுக்கும் பனிமலையில் வழி திறக்கும் வேலை புதிதல்ல. 1948இல் காஷ்மீரின் ஜோஜிலா கணவாயில் டாங்குகள் ஏற வழி வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். அதே கணவாயில் இன்றும் எல்லைச் சாலைகள் அமைப்பின் புல்டோசர்கள் இரண்டு பக்கமிருந்தும் பனியை வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கின்றன. 2025இல் 32 நாள் அடைப்புக்குப் பிறகு ஏப்ரல் 1 அன்று பாதை திறந்தது.

ஜோஜிலாவுக்குக் காட்டும் அந்தப் பிடிவாதம் தனுஷ்கோடிக்கும் வேண்டும். காற்றுக் காலத்தில் அங்கே மணல் சாலைமேல் ஏறிவிடுகிறது. அதைப் புகார் வந்த பிறகு அள்ளும் வேலையாக வைத்திருக்கக் கூடாது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கும் முன்பே ஒரு ஜேசிபியும் ஆபரேட்டரும் அங்கேயே நிற்க வேண்டும். எந்த இடம் எப்போது சுத்தமாகும் என்று பலகை வைக்கலாம். கச்சானில் தென்கடல் பக்கமிருந்து ஏறும் மணலை வடகடல் பக்கம் தள்ளினால், வாடைக்காற்று அதைத் திருப்பிக் கொண்டுவரும். ஆகவே கொட்டும் இடத்தையும் முன்கூட்டியே குறிக்க வேண்டும். சுற்றுலா வேன்கள் வராத நாளிலும் அருகிலுள்ள கம்பிப்பாடு மீனவக் குடியிருப்பின் மீன் சந்தைக்குப் போவதும், காய்ச்சல் கண்ட பிள்ளை ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அந்த ஒரே சாலையில்தான்.