அம்மாயியின் வஸ் காலம்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஆரணியில் வீட்டுக்கு வீடு பக்கத்துப் பெரியபாளையத்தின் பேச்சுதான். மாட்டு வண்டிகள் விடிய விடிய எங்கள் தெருவைக் கடக்கும். அங்கே பவானியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றுவதையும், ஆற்று மணலில் அடுப்புக் கூட்டிச் சமைப்பதையும் பார்க்க நாங்கள் பிள்ளைகள் ஓடுவோம். அம்மாயி வரமாட்டாள். "எனக்கு வேற சோலி இருக்கு" என்பாள். காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்ப்பதுதான் அந்தச் சோலி.

அம்மாயி இலங்கையில் நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருத்தியாகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, எப்படியோ ஆரணிக்கு வந்து சேர்ந்தாள். தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு பன்சலை, அதாவது புத்த விகாரை, இருந்ததாம். லயத்து மாரியம்மனுக்கு அடுத்தபடி அவளுக்கு அந்தப் புத்தர்தான். ஜூலை மாதத்து எசல போயா என்கிற பௌர்ணமிக்கு மறுநாள் ஹாமுதுரு, அதாவது அங்குள்ள பிக்கு, மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்கும் வஸ் இருக்கத் தொடங்குவார். மூன்று மாதம் வேறெங்கும் போய்த் தங்கமாட்டார். தட்ட முடியாத காரியம் வந்தால் போகலாம், ஏழு நாளுக்குள் திரும்பிவிட வேண்டும்.

"அப்ப அங்க மழை ஊத்துமே. ஏறுனா வழுக்கும், எறங்குனா அட்டை கடிக்கும். அவரு எங்க போவாரு?" என்பாள். துறவிகள் மழைக்காலத்தில் நடந்து பச்சைப் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்களே என்று ஜனங்கள் குறைப்பட்டதால் புத்தர் வகுத்த விதி இது என்று விநயபிடகம் சொல்கிறது. அதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்துத்தான்.

ஒரு ஆடிப் பௌர்ணமிக்கு என்னையும் எழும்பூருக்குக் கூட்டிப் போனாள். கென்னட் லேனில் மகாபோதி சங்கத்து விகாரை இருப்பதை யாரோ சிலோன்காரர் சொல்லியிருந்தார். முதல்நாளே ஒரு கவுளி வெற்றிலை வாங்கி, ஒவ்வொன்றாகக் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, நுனியெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, வாழைநாரால் கட்டினாள். பழுத்ததும் கிழிந்ததும் அவள் வாய்க்குப் போயின. வெற்றிலை கொடுத்துத்தான் ஹாமுதுருவை வஸ் இருக்க அழைக்க வேண்டுமாம். விடியுமுன் எழுந்து தேங்காய்ப் பாலில் கிரிபத் என்கிற பால்சோறு கிண்டி, தாம்பாளத்தில் தட்டி, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி டிபன் கேரியரில் அடுக்கினாள். சம்பலுக்கு மாசிக்கருவாடு கிடைக்கவில்லை என்று வழியெல்லாம் புலம்பல்.

எங்கள் பஸ் காலி. எதிரே செங்குன்றத்திலிருந்து வந்ததிலெல்லாம் ஜனங்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். "ஊரே அம்மனுக்குப் போவுது, நீ எங்க பாட்டி எதிர்ல போற?" என்று கண்டக்டர் கேட்டார். "புத்தர் சாமிக்கு" என்றாள். அவர் சிரித்தார். தெருவிலும் அது 'சிங்களவன் சாமி'தான். காஞ்சிபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் விகாரைகள் இருந்த நாடு இது. 1898-இலேயே அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியிருக்கிறார். அன்று அந்தப் பஸ்ஸில் இதைச் சொல்ல ஆளில்லை.

விகாரையில் வெள்ளை உடுத்திய யாத்ரீகர்கள் கயாவுக்குப் போகக் காத்திருந்தார்கள். அம்மாயி விழுந்து கும்பிட்டுவிட்டு ஹாமுதுருவிடம் சிங்களத்தில் பேச ஆரம்பித்தாள். ஆரணியில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் அங்கே மூச்சுவிடாமல் பேசினாள். அவருக்கு வயது என்னவென்று கேட்கச் சொன்னேன். "ஒன்பது வஸ்" என்றார். எனக்கும் அப்போது ஒன்பதுதான்! பிக்குகளுக்குள் பிறந்த வருஷம் செல்லாது, இருந்த வஸ்தான் மூப்பு. நேற்றுத் துறவு பூண்டவர் அறுபது வயதுக் கிழவரானாலும் அந்த இளைஞருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. ஆடியில் எங்கள் ஊரில் மழை ஏது? ஆறு முழுக்க மணல், தெரு முழுக்கப் புழுதி. நாவலப்பிட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை, எங்களுக்கு வடகிழக்கு. அக்டோபர் பௌர்ணமியோடு வஸ் முடிந்து ஹாமுதுரு வெளியே வரும்போதுதான் ஆரணியில் வானம் இருட்டும். அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கடின பூஜை. துணியை வெட்டி, தைத்து, சாயம் தோய்த்து, ஒரே நாளில் பிக்கு உடுத்தும் சீவரமாக்கிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கென்று அம்மாயி வெள்ளைத் துணி வாங்கி வைத்திருந்தாள். ஐப்பசியில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட, ஆறு இரு கரையும் புரண்டது. பஸ் நின்றுபோனது. திண்ணையில் உட்கார்ந்து, "ஹாமுதுரு வெளிய வந்துட்டாரு, இப்ப நாமதான் வஸ் இருக்கோம்" என்றாள். துணி கடைசியில் தலையணை உறையானது.

கென்னட் லேன் எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வஸ் காலத்தில் தானம் கொண்டு போகிறவர்கள் நண்பகலுக்கு முன்பே போய்விடுங்கள். உச்சி சாய்ந்துவிட்டால் பிக்கு சோற்றைத் தொடமாட்டார்.