எல்லைக்கல்

இங்கிலாந்தின் டார்பிஷர் பகுதியில் கிராமத்துச் சாலைகள் மிகவும் குறுகலானவை. இருபுறமும் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள். அவற்றுக்கு அப்பால் பசும்புல்வெளியில் மேயும் செம்மறியாடுகள். ஆகஸ்டு மாத விடுமுறையின்போது, அத்தகைய சாலை ஒன்றில் ஒரு கேம்பர்வேன் மெதுவாக ஊர்ந்து சென்றது. எதிரே டிராக்டர் வந்த போதெல்லாம் அப்பா வேனைப் பின்னோக்கி நகர்த்தி வழிவிட்டார். அம்மா வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னார். பின்னிருக்கையில் பதினைந்து வயது மகளும் ஒன்பது வயது மகனும் அமர்ந்திருந்தனர்.

அது ஆறு நாள் பயணம். ஆறாம் நாள், ஷெஃபீல்டு நகரில் வசிக்கும் பாட்டியின் பிறந்தநாள். பயணம் அவர் வீட்டில்தான் முடியவேண்டும் என்பது திட்டம். பாட்டி புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். பேத்தி அவரைப் பார்த்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. அவருக்காகத் தன் கையாலேயே பின்னிய கம்பளிச் சால்வை ஒன்றை அவள் பையில் பத்திரமாக வைத்திருந்தாள்.

வேன் சிறியது. பகலில் உணவு மேசையாக இருப்பதுதான் இரவில் படுக்கையாக மாறும். ஒருவர் தேநீர் போட எழுந்தால் மற்றவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்புவது என்று அக்காளும் தம்பியும் தினமும் சண்டையிட்டனர்.

முதல் நாள் அவர்கள் குரோம்ஃபோர்டுக்குச் சென்றனர். ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் 1771இல் நீரின் விசையால் இயங்கும் பஞ்சாலையை அங்கு நிறுவினார். அந்த ஆலையில் சிறுவர்களும் வேலை செய்தார்கள் என்று கேட்டதும் மகன் திகைத்து நின்றான். மறுநாள் ஆர்பர் லோ என்னுமிடத்தில், பழங்கால மக்கள் வட்டமாக அமைத்த சுமார் 50 சுண்ணாம்புப் பாறைகளைக் கண்டனர்.

மூன்றாம் நாள் வேன் ஈம் என்னும் கிராமத்தை அடைந்தது. 1665ஆம் ஆண்டு லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது. அதிலிருந்த தெள்ளுப் பூச்சிகள் வழியாகக் கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்ததாகக் கூறப்படுகிறது. அடுத்த ஆண்டு கோடையில் நோய் தீவிரமானபோது, பாதிரியார் வில்லியம் மோம்பெசனின் அறிவுரையை ஏற்று, ஊரை விட்டு யாரும் வெளியேறுவதில்லை என்று மக்கள் முடிவு செய்தனர். அயலூரார் உணவை எல்லையில் வைத்துவிட்டுச் செல்வார்கள். ஈம் மக்கள் அதற்குரிய காசை எல்லைக்கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதில் போட்டு வைப்பார்கள். பாதிரியாரின் மனைவியும் நோய்க்குப் பலியானார். எலிசபெத் ஹேன்காக் என்ற பெண், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாளில் தனியாகப் புதைக்க நேர்ந்தது. சுமார் 260 பேர் மாண்ட பிறகே நோய் ஓய்ந்தது.

மகன் எல்லைக்கல்லின் குழிகளில் விரலை விட்டுப் பார்த்தான். “ஏன் அப்பா இவர்கள் தப்பி ஓடவில்லை?” என்று கேட்டான்.

“ஓடியிருந்தால் நோயும் அவர்களோடு அடுத்த ஊருக்குப் போயிருக்கும்,” என்றார் அப்பா.

“ஆனால், அந்தத் தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஊருக்காகத் தன் பிள்ளைகளை இழப்பது நியாயமா?” என்றாள் மகள். அம்மாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “எனக்கும் அது புரியவில்லை, அம்மா,” என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை மகனுக்குக் காய்ச்சல் அடித்தது. மார்பிலும் முதுகிலும் சிறுசிறு கொப்புளங்கள் தோன்றியிருந்தன. அப்பா மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அது சின்னம்மை. அக்காளுக்கு அந்நோய் இதுவரை வந்ததில்லை என்பதால் அவளுக்கும் தொற்றியிருக்கக்கூடும். சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் பாட்டிக்கு அது பேராபத்தாக முடியலாம்.

“வாசலில் நின்று ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே!” என்று மகள் குரலை உயர்த்தினாள். யாரும் பேசவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் வேனின் படியில் அமர்ந்தாள்.

நெடுநேரத்திற்குப் பிறகு உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பையிலிருந்து சால்வையை எடுத்த அம்மாவிடம், “இதையும் இப்போது கொடுக்க வேண்டாம், அம்மா. அந்த ஊருக்கு நோய் துணியில்தானே வந்தது?” என்றாள். பிறகு தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே குழாயடிக்கு நடந்தாள்.

மறுநாள் கேம்பர்வேன் பாட்டி வீட்டுக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் நின்றது. மாடியில் மூடிய சன்னலுக்குப் பின்னால் பாட்டி தெரிந்தார். தொலைபேசியில் நால்வரும் ஒரே குரலில் வாழ்த்துச் சொன்னார்கள். பேத்தி வேனின் கண்ணாடிக்குப் பின்னால் சால்வையை விரித்துக் காட்டினாள்.

பாட்டி சிரித்தார். பிறகு இரு கைகளையும் உயர்த்தி, சால்வையைப் போர்த்திக்கொள்வதைப் போலத் தம் தோள்களை மெல்ல அணைத்துக்கொண்டார்.