திருப்ப வேண்டிய சங்கிலி

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் ஊர் வங்கியின் நகைக்கடன் பக்கம் நின்று பார்த்தால் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் நேரில் தெரியும். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்ப்பார், தராசில் வைப்பார், கல்லுக்கும் அரக்குக்கும் எடையைக் கழிப்பார். எதிரே நிற்கும் அம்மாவுக்கு மனசெல்லாம் வேறு கணக்கு. ஃபீஸ் கட்டியது போக எவ்வளவு மிஞ்சும்? ஐப்பசியில் கொழுந்தனார் மகள் கல்யாணம். அதற்குள் திருப்பிவிட முடியுமா? இல்லாவிட்டால் கவரிங் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

நகைக்கடன் பத்திரமான கடன் என்று வங்கிக்காரர்கள் சொல்வார்கள். தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பல ஆண்டுகளாக இருந்த வரம்பு. விலை கொஞ்சம் இறங்கினாலும் கொடுத்தவருக்கு நஷ்டமில்லை. இது பாதிக் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதி அந்தந்த வீட்டு அடுப்படியில் இருக்கிறது. தாலிக்கொடியை வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு நடமாடுகிறவர், அதைத் திருப்பும்வரை கறி எடுப்பதைக் குறைத்துக்கொள்வார். மூட்டுவலிக்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். மகளிர் குழுவில் ஒரு கடன் வாங்கி இந்தக் கடனுக்கு வட்டி கட்டுவார். நகை மூழ்கிவிடக் கூடாது. அது அம்மா போட்ட நகையென்றால் எதை விற்றாவது மீட்பார். ஆண்டறிக்கையில் வாராக்கடன் குறைவு என்று ஒரு வரி வருகிறதே, அதற்கு விலை கொடுத்தவர் இவர். அவர் சாப்பிடாமல் விட்டதை எந்த அறிக்கையும் கணக்கெடுப்பதில்லை.

நாடே ஒருமுறை இந்த வரிசையில் நின்றது. 1991இல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும் என்றானபோது, ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் வாங்கியது. செய்தி வெளியானதும் மானம் போயிற்று என்று தேசமே குமுறியது. அந்த வலியை விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டவர்கள் நம் வீட்டுப் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட நாட்டில், விதி எழுதுகிறவர்களுக்கு இந்த வீடுகள் கண்ணில் பட வேண்டாமா? 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் முறைகேடுகளைச் சுட்டி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடனை அடைக்காமலே புதுப்பித்துக்கொண்டு போவது அவற்றில் ஒன்று. கவலை நியாயமானதுதான். ஆனால் அதுவரை வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தவர்களிடம், அசலையும் கட்டி நகையை எடுத்து மறுநாள் வந்து வைக்கும்படி வங்கிகள் சொல்லத் தொடங்கின. அசல் கையில் இருந்தால் அவர் ஏன் சங்கிலியைக் கழற்றுகிறார்? அந்த ஒரு நாளுக்காகக் கந்துவட்டிக்காரரைத் தேடிப் போனார்கள். பத்திரமான கடனைக் காப்பாற்ற ஆபத்தான கடன்.

2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகள் நகைக்கு உடைமைச் சான்றும் கேட்டன. பாட்டி தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த தோட்டுக்கு ரசீது எங்கே இருக்கும்? தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் வந்த இறுதி விதிகள் பெரிதும் தளர்ந்திருந்தன. 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வரம்பு 85 சதவீதமாயிற்று. சேர்ந்த வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கவும் வழி கிடைத்தது. எதிர்த்துப் பேசியதால் கிடைத்த பலன் இது. எனக்கு மெய்யான மகிழ்ச்சி. கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு ரூபாயையும் வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.

இன்னொன்று மாற வேண்டும். பல வீடுகளில் நகை மனைவியுடையது, கடன் கணவர் பெயரில். தவணை தவறினால் ஏல நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். குறுஞ்செய்தியும் அவர் போனுக்கே. சங்கிலி ஏலத்தில் போன பிறகே விஷயம் தெரியவந்த பெண்கள் உண்டு. கடன் கொடுக்கும்போதே இது யார் போட்டிருந்த நகை என்று கேட்டு, அவருடைய கையெழுத்தையும் போன் எண்ணையும் படிவத்தில் வாங்கட்டும். ஏலத்துக்கு முன் அந்த எண்ணையும் அழைத்துச் சொல்லட்டும்.