வெண்மணல் விரிப்பில் நீலக் குளங்கள்

பாலைவனம் போலத் தெரியும் இடம். ஆனால் கிட்டத்தட்டச் சென்னை அளவுக்கு மழை பெய்கிறது. பிரேசிலின் லென்சோயிஸ் மரன்யென்செஸ் தேசியப் பூங்காவுக்கு உலக அங்கீகாரம் கிடைத்துவிட்டது. உள்ளே குடியிருக்கும் குடும்பங்களுக்கு?

தமிழர்களில் பலர் இந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். பெயர்தான் தெரியாது. 2010ல் வெளிவந்த எந்திரன் படத்தில் 'காதல் அணுக்கள்' பாடலுக்கு ரஜினிகாந்தும் ஐஸ்வர்யா ராயும் நடந்து திரிந்தது இங்கேதான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று மணல் மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மடியிலும் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். கம்ப்யூட்டர் கைவண்ணம் என்று நினைக்கத் தோன்றும். எட்டு வருடம் கழித்து ஹாலிவுட்டின் 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' இதே மணலை வேறொரு கிரகமாகக் காட்டியது.

இது கிரகம் அல்ல. பிரேசிலின் வடகிழக்கே, மரன்யான் மாநிலத்தின் அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கும் தேசியப் பூங்கா. போர்ச்சுக்கீசிய மொழியில் 'லென்சோயிஸ்' என்றால் படுக்கை விரிப்புகள். காயப்போட்ட விரிப்பு காற்றில் மடிந்து மடிந்து விழுவது போல இருப்பதால் இந்தப் பெயர். பரப்பு சுமார் 1,550 சதுர கி.மீ. அதாவது டெல்லி யூனியன் பிரதேசத்தைவிடச் சற்றே பெரியது. அதில் பாதிக்கு மேல் மணல் மேடுகள்தான்.

இந்தப் பூங்காவுக்கும் டெல்லிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு 2024 ஜூலையில் புதுடெல்லியில் கூடியபோதுதான் லென்சோயிஸ் பட்டியலில் சேர்ந்தது. அஸ்ஸாமின் அஹோம் மன்னர்களது 'மொய்தாம்' கல்லறை மேடுகள் இடம்பிடித்ததும் அதே கூட்டத்தில்தான். நம் பத்திரிகைகள் மொய்தாமைக் கொண்டாடின. பிரேசில்காரர்கள் மணலைக் கொண்டாடினார்கள்.

மணல் வந்த வழி

பாலைவனம் என்று சொல்வதற்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆண்டுக்கு 250 மி.மீ. மழைக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஜெய்சால்மர் அதில் தேறும். லென்சோயிஸில் 1,200 மி.மீ.க்குக் குறையாமல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜனவரியிலிருந்து ஜூன் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது.

இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் மணல் எப்படி? ஆறுகள் கொண்டுவந்து கடலில் சேர்க்கும் மணலை நீரோட்டம் கரைக்கு ஒதுக்குகிறது. மழை ஓய்ந்ததும் காற்று ஆரம்பிக்கிறது. கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் கடற்காற்று, காய்ந்த மணலை உள்நாட்டை நோக்கிப் பல கி.மீ. தூரம் தள்ளிக்கொண்டு போகிறது. மேடுகள் பிறை பிறையாக வளைந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரிசையாக நிற்பது இந்தக் காற்றின் வேலை. நாற்பது மீட்டர் வரை உயர்ந்தவையும் உண்டு. செடி வேர் பிடிப்பதற்குள் மணல் நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் மழை இருந்தும் பச்சை இல்லை.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்குக் குளங்களின் ரகசியம் எளிதில் புரியும். மழை நீர் மணலுக்குள் இறங்குகிறது. அடியிலுள்ள இறுகிய அடுக்கு அதற்குமேல் கீழே விடுவதில்லை. நிலத்தடி நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து, மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வெளியே எட்டிப் பார்க்கிறது. கடல் பக்கத்தில் இருந்தாலும் தண்ணீர் உப்புக் கரிக்காது. மணல் வடிகட்டிய மழை நீர் அது. சில குளங்களில் மூன்று மீட்டர் ஆழம் வரை தண்ணீர் நிற்கும்.

ஜூன், ஜூலையில் குளங்கள் ததும்பி நிற்கின்றன. செப்டம்பருக்குப் பிறகு வற்ற ஆரம்பித்து, வருடக் கடைசியில் பல குளங்கள் இருந்த சுவடே இருக்காது. அந்த இடைவெளியில் காற்று மேடுகளை நகர்த்திவிடுகிறது. சென்ற வருடம் நீங்கள் நீந்திய குளம் இந்த வருடம் அதே வடிவில் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வற்றிப்போகும் குளத்தில் மீன் எப்படி வந்தது என்று கேட்காத பயணி இல்லை. நம்மூர் விரால் காய்ந்த குளத்துச் சேற்றுக்குள் புதைந்து கிடப்பது போல, இங்கும் ஓநாய் மீன் என்று அழைக்கப்படும் ஓர் இனம் ஈரச் சேற்றில் புதைந்து மழைக்காகக் காத்துக் கிடக்கிறது. இந்தப் பிராந்தியத்துக்கே உரிய சிறிய ஆமை ஒன்றும் அப்படித்தான். கோடையில் மணலுக்குள் உறங்கி, மழை வந்ததும் எழுந்து வருகிறது. கரையோரச் சதுப்புகளில் செந்நிற அரிவாள் மூக்கன், நீர்நாய், மன்னார் வளைகுடாக் கடல்பசுவின் உறவினமான மனட்டீ ஆகியவையும் உண்டு.

சோம்பேறி ஆற்றின் வழியே

மாநிலத் தலைநகர் சாவோ லூயிஸிலிருந்து பாரெயிரின்யாஸ் சுமார் 250 கி.மீ. முன்பு மண் பாதையில் நாள் முழுக்கப் பிடித்த பயணம். 2000களின் தொடக்கத்தில் தார்ச்சாலை வந்த பிறகு நான்கு மணி நேரம்தான். மீனும் மரவள்ளியும் புரித்திப் பனை நாரில் பின்னிய பைகளுமாகப் பிழைத்துக்கொண்டிருந்த சிற்றூர், சுற்றுலா நகரமாக மாறியது இந்தச் சாலையால்தான்.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் பிரெகிசாஸ். சோம்பல் என்று பொருள். பெயருக்கேற்ப வளைந்து நெளிந்து, அவசரமில்லாமல் கடலுக்குப் போகிறது. படகில் ஏறினால் ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறு பக்கம் மரங்களின் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும் மணல். ஆறு கடலில் சேரும் இடத்தில் அட்டின்ஸ் என்ற மீனவக் கிராமம். தெருவே மணல்தான்.

ஒரு நாள் பயணிகள் நான்கு சக்கர விசை வண்டியில் லகோவா அசுல், லகோவா போனிட்டா குளங்கள் வரை போய், குளித்து, சூரியன் மறைவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மணல் மேடுகளின் அடிவாரத்தோடு வண்டிக்கு வேலை முடிந்தது. அதற்கு அப்பால் கால்தான். அட்டின்ஸிலிருந்து சாந்தோ அமாரோ வரை குறுக்கே நடக்க மூன்று நாளாவது ஆகும். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அன்றைய நடையை முடித்துவிட வேண்டும். காலணி தேவையில்லை. பளிங்கு மணல் அவ்வளவாகச் சுடுவதில்லை.

இரவு எங்கே தங்குவது? இந்தக் கேள்வியில்தான் லென்சோயிஸின் இன்னொரு கதை தொடங்குகிறது.

மணலுக்கு நடுவே வீடு

பூங்காவின் நட்டநடுவே, வெண்மணல் சூழ்ந்த இரண்டு பசுந்தீவுகள் இருக்கின்றன. ஒன்று பைஷா கிராண்டி. இன்னொன்று கெய்மாதா டோஸ் பிரிட்டோஸ். மரம், செடி, கிணறு, ஓலைக் கூரை வீடுகள், ஆடுகள், கோழிகள். சியாரா மாநிலத்து வறட்சிக்குத் தப்பி வந்த பிரிட்டோ குடும்பத்தின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

இவர்கள் வாழ்க்கையும் குளங்களின் கணக்குப்படிதான் ஓடுகிறது. மழைக் காலத்தில் கடற்கரைக்குப் போய் மீன் பிடித்து, உப்பிட்டுக் காயவைக்கிறார்கள். காய்ந்த காலத்தில் தோப்புக்குத் திரும்பி மரவள்ளி, முந்திரி, கால்நடைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். நடைப்பயணிகள் கயிற்றுத் தூளியில் படுப்பது இவர்கள் வீட்டில்தான். சோறு, பீன்ஸ், பொரித்த மீன், மேலே தூவிக்கொள்ள மரவள்ளி மாவு. எந்தக் குளம் ஆழம், எந்த மேட்டின் பின்புறம் கால் புதையும் என்பது வழிகாட்டிகளாக வரும் இந்தப் பிராந்தியத்து இளைஞர்களுக்குத்தான் தெரியும். நேற்றைய காலடியைக் காற்று அழித்துவிடும் ஊரில் அச்சடித்த வரைபடம் உதவாது.

ஆனால் சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. பூங்கா அறிவிக்கப்பட்டது 1981 ஜூனில். மக்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தார்கள். பிரேசிலின் 2000ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பகுதிகள் சட்டப்படி தேசியப் பூங்கா என்பது முழுப் பாதுகாப்பு வகை. உள்ளே குடியிருப்போ மேய்ச்சலோ விவசாயமோ கூடாது. பாரம்பரியமாக வசிப்பவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு மாற்ற வேண்டும். அதுவரை அவர்கள் பிழைப்பு கெடாமல் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்த 'அதுவரை' எவ்வளவு காலம் என்று சட்டம் சொல்லவில்லை. பூங்காவின் எல்லையையே மாற்றி வரையச் சொல்லும் மசோதா ஒன்று 2018ல் செனட்டில் வந்தது. இயற்கை ஆர்வலர்களுக்கு அதிலும் பயம் உண்டு. எல்லையைத் திறந்தால் முதலில் நுழைவது ஆட்டுக்காரர்கள் அல்ல, ஹோட்டல்காரர்கள்தான் என்பது அவர்கள் வாதம்.

இந்திய வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. சரிஸ்காவிலும் கான்ஹாவிலும் புலிக்காகக் கிராமங்கள் இடம் மாறின. காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கும் உரிமை உண்டு என்று நாம் சட்டம் இயற்ற 2006 வரை ஆனது. அதை அமல்படுத்துவதில் இன்னும் தகராறு ஓயவில்லை.

யுனெஸ்கோ முத்திரை கூட்டத்தைக் கூட்டும். கூட்டத்தோடு விடுதி, கழிவுநீர், போர்வெல் எல்லாம் வரும். நிலத்தடி நீரின் தயவில் நிற்கும் குளங்களுக்கு இது சாதாரண ஆபத்து அல்ல. எல் நினோ ஆண்டுகளில் இந்தப் பகுதியில் மழையும் பொய்க்கும். மழை குறைந்தால் குளம் குறையும். குளம் குறைந்தால் பயணி வேறு இடம் பார்த்துக்கொள்வார். தோப்பில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

போக நினைப்பவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். சாவோ பாலோ வரை விமானம், அங்கிருந்து சாவோ லூயிஸ், பிறகு சாலை. ஒரு நாளில் குளித்துவிட்டுத் திரும்பலாம்தான். ஆனால் ஓர் இரவாவது கெய்மாதாவில் தங்குவது நல்லது. காற்று மணலை வாரிக் கூரையில் வீசிக்கொண்டிருக்கும். விடிந்ததும் அந்த வீட்டுப் பெண் முதல் வேலையாக விளக்குமாறு எடுத்து, ராத்திரி வந்த மணலை வாசலுக்கு வெளியே கூட்டித் தள்ளுவார். மறுநாளும் தள்ளுவார்.