626 ஆட்டம், 12 கோல்

ஒரு ரெஸ்யூமே தர்றேன். ஷார்ட்லிஸ்ட் பண்ணுவீங்களான்னு சொல்லுங்க.

தொழில்: ஐஸ் ஹாக்கி வீரர். அனுபவம்: வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் 626 ஆட்டங்கள். அடித்த கோல்கள்: 12. பார்வை: கண்ணாடி இல்லாமல் முடியாது, ஆடும்போதும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஆடுவார்.

கை தானா 'ரிஜெக்ட்' பக்கம் போயிருக்கும். தப்பில்ல. ப்ளேஸ்மென்ட் சீசன்ல நம்ம எல்லாருக்கும் முதல்ல சொல்லித் தர்றதே "ரெஸ்யூமேல நம்பர் போடு"ன்னுதானே. எண்ணிக் காட்ட முடிஞ்சாத்தான் சாதனை. அந்தக் கணக்குப்படி பார்த்தா இந்த மனுஷன் தேற மாட்டார்.

பெயர் அல் ஆர்பர். 1932-இல் கனடாவில், நிக்கல் சுரங்கங்களுக்குப் பேர்போன சட்பரி நகரத்தில் பிறந்தவர். அவரோட கதையைச் சொல்றதுக்கு முன்னாடி ஆட்டத்தைப் பத்தி ரெண்டு வரி.

200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குப் பனித்தளம். ஒவ்வொரு அணியிலும் கோல் கீப்பர் போக ஐந்து பேர். அதில் மூன்று பேர் முன்னால் போய் கோல் அடிப்பவர்கள். மீதி இரண்டு பேர்தான் டிஃபென்ஸ்மேன். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வட்டு. எடை சுமார் 170 கிராம். எதிரணிக்காரன் அதை ஓங்கி அடிக்கும்போது குறுக்கே விழுந்து உடம்பால் தடுப்பதும் டிஃபென்ஸ்மேன் வேலைதான். ஆர்பர் அதில் கெட்டிக்காரர். ஹெல்மெட் கட்டாயம் இல்லாத காலம் அது. மூக்கு மேல கண்ணாடியோட அந்த வட்டுக்கு முன்னாடி போய் விழுறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

இப்போ கவனிங்க. அவர் தடுத்த ஷாட்டுகளை அந்தக் காலத்தில் லீக் கணக்கெடுக்கவே இல்லை. கோல் விழுந்தா அடிச்சவன் பேர்ல ஒண்ணு ஏறும். விழ வேண்டிய கோல் விழாமப் போனா யார் பேர்லயும் எதுவும் ஏறாது. அதாவது, அவர் வேலையை எவ்வளவு நல்லா செஞ்சாரோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் அவர் இருந்த அணிகளைப் பாருங்கள். 1954-இல் டெட்ராய்ட், 1961-இல் சிகாகோ, 1962-லும் 1964-லும் டொராண்டோ. மூன்று அணிகளோடு நான்கு ஸ்டான்லி கோப்பைகள். 1967-இல் லீக் 6 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிந்தபோது, செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் என்ற புது அணி அவரைத் தன் முதல் கேப்டனாக்கியது. அந்த அணி முதல் மூன்று வருஷமும் இறுதிப் போட்டி வரை போனது. ஸ்கோர்போர்டுக்குத் தெரியாதது கூட ஆடினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆட்டத்தை முடித்துக்கொண்டு பயிற்சியாளரானவர், 1973-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு வந்தார். முந்தைய வருஷம்தான் பிறந்த அணி அது. முதல் சீசனில் 78 ஆட்டங்களில் வென்றது 12, தோற்றது 60. வாங்கிய கோல்கள் 347.

ஆர்பரோட முதல் சீசன் முடிஞ்சப்பவும் ஐலண்டர்ஸ் தங்கள் பிரிவில் கடைசி இடம்தான். பட்டியலை மட்டும் பார்த்தவங்க "புது கோச் வந்தும் பிரயோஜனமில்ல"ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா வாங்கின கோல்கள் 347-லிருந்து 247-ஆக இறங்கியிருந்தது. சரியா நூறு குறைச்சல்! ஒரு டிஃபென்ஸ்மேன் முதல்ல எதைச் சரி பண்ணுவாரோ அதைத்தான் பண்ணியிருந்தார். அடுத்த சீசனிலேயே அணி பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. பிட்ஸ்பர்க்கோடு நடந்த ஏழு ஆட்டத் தொடரில் முதல் மூன்றையும் தோற்று, மீதி நான்கையும் வென்றது.

அடுத்து, இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

என்.எச்.எல்.-இல் வருஷா வருஷம் 'டிராஃப்ட்' நடக்கும். இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். நம்ம கேம்பஸ் ட்ரைவ் மாதிரிதான். ஊர் ஊராப் போய் ஜூனியர் ஆட்டங்களைப் பார்த்து, 'இவன் தேறுவான், இவன் தேற மாட்டான்'னு எழுதிக் கொடுக்கிறவங்கதான் ஸ்கவுட்டுகள். 1977 டிராஃப்டில் மைக் பாஸி என்றொரு பையன் இருந்தான். கியூபெக் ஜூனியர் லீக்கில் 309 கோல் அடித்தவன். ஆனால் ஸ்கவுட்டுகள் சொன்ன குறை: உடம்பைக் கொடுத்து ஆட மாட்டான், தடுப்பாட்டம் தெரியாது. முதல் 14 வாய்ப்புகளிலும் வேறு பெயர்கள் போயின.

பதினைந்தாவது வாய்ப்பு ஐலண்டர்ஸுக்கு. மேலாளர் பில் டோரி ரெண்டு பேருக்கு நடுவில் தடுமாறினார். ஒருவன் பாஸி. இன்னொருவன் நன்றாகத் தடுப்பாடும் ட்வைட் ஃபாஸ்டர். ஆர்பரிடம் கேட்டார். வாழ்க்கை முழுக்கத் தடுத்தே சாப்பிட்டவர், தன்னை மாதிரி ஒருத்தனைத்தானே கேட்பார்? பாஸியை எடுக்கச் சொன்னார் ஆர்பர். தடுப்பாட்டத்தைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், கோல் அடிக்கும் கையைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு.

முதல் சீசனிலேயே பாஸி 53 கோல் அடித்தார். புதுமுக வீரர்களில் அன்றைக்கு அது சாதனை. 752 ஆட்டங்களில் 573 கோல்களோடு ஓய்வு பெற்றார். தடுப்பாட்டத்தையும் கற்றுக்கொண்டார்.

எனக்குத் தோணுறது இதுதான். அந்த 14 வாய்ப்பிலும் பாஸிகிட்ட இல்லாததைப் பெருசாப் பார்த்தாங்க. அந்த இல்லாத விஷயம் எவ்வளவு கஷ்டம், எத்தனை நாள்ல பழகலாம்னு ஆர்பருக்கு உள்ளேயிருந்து தெரியும். ஏன்னா அவர் சோறு தின்னதே அந்த வேலையில. தன்கிட்ட இருக்கிறதுதான் உலகத்திலேயே பெரிய திறமைன்னு நினைக்காம, 'இது கத்துக்கக்கூடியது'ன்னு சொல்ல ஒரு மனசு வேணும். இன்டர்வியூ எடுக்கிறவங்ககிட்ட நாம எதிர்பார்க்கிறதும் அதைத்தானே? நம்ம ப்ராஜெக்ட் டீமுக்கு ஆள் சேர்க்கும்போது நாமளும் அப்படி யோசிக்கிறோமா?

பிறகு நடந்தது சரித்திரம். 1980, 81, 82, 83 என்று தொடர்ந்து நான்கு ஸ்டான்லி கோப்பைகள். பிளே-ஆஃபில் தொடர்ச்சியாக 19 தொடர்களை ஜெயித்தார்கள். 1984 இறுதியில் வேய்ன் கிரெட்ஸ்கியின் எட்மண்டன் அணிதான் அதை நிறுத்தியது.

ஆர்பர் 1994-இல் ஓய்வு பெற்றபோது ஐலண்டர்ஸுக்குப் பயிற்சியாளராக 1,499 ஆட்டங்கள் ஆகியிருந்தன. ஒன்று குறைச்சல். 2007 நவம்பர் 3 அன்று, அப்போதைய பயிற்சியாளர் டெட் நோலன் கேட்டுக்கொண்டதால், 75 வயதில் ஒரே ஒரு நாள் ஒப்பந்தத்தில் மறுபடி வந்து நின்றார். பிட்ஸ்பர்க்கை 3-2 என்று வென்றது அணி. அது அந்த அணியோடு அவருக்கு 740-ஆவது வெற்றி. அரங்கத்தின் கூரையில் 1,500 என்ற ஆட்ட எண்ணிக்கையைக் கொடியாக ஏற்றினார்கள். 2015-இல் காலமானார்.

உங்க டீம்லயும் ஒருத்தர் இருப்பார். டெமோ அன்னைக்கு மேடை ஏற மாட்டார். ஆனா முந்தின நாள் ராத்திரி சர்க்யூட் புகையாம இருந்ததுக்கு அவர்தான் காரணம். அவர் ரெஸ்யூமேல அதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது. அடுத்த முறை டீம் லீட் யாருன்னு பேச்சு வந்தா, அவர் பேரை நீங்க சொல்லுங்க. ஒருவேளை அந்த ஆளே நீங்கதான்னா, கை தூக்கத் தயங்காதீங்க.