செங்கன்மலையின் நிழலில் நான்கு நாட்கள்



"பாஸ்டர், விசுவாசிகள் குடும்பமாக உல்லாச விடுதியில் போய்த் தங்குவது தகுமா?" என்று காக்ஸ் டவுனில் வீடு சந்திக்கச் செல்லும்போது பலர் என்னிடம் கேட்டதுண்டு. நம் ஜனங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவதுதான். கல்யாணம், துக்கம், நிலத்தகராறு, வயதான தாய் தகப்பன் என்று இருக்கிற சில நாட்களும் ஊரிலேயே செலவாகிவிடும். ஓய்வுக்கென்று ஓரிடத்திற்குச் செல்வது வீண்செலவு என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கடந்த ஜனவரியில் நாங்கள் குடும்பமாக வாதாபிக்குச் சென்று வந்தோம். அங்கே கர்த்தர் எனக்குக் கற்பித்ததை உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

இன்று பாதாமி என்று வழங்கும் வாதாபி, கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. இரவு இரயிலில் ஏறினால் ஹூப்ளி, கதக் வழியாகப் போய்ச் சேரலாம். இரயில் நிலையத்திலிருந்து ஊர் சுமார் 5 கிலோமீட்டர். வறண்ட பூமி, சோளக்காடுகள், அவற்றின் நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் செந்நிறப் பாறைச் சுவர்கள். தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடி விளையாடி வளர்ந்த எனக்கு, பிறந்த ஊரே கல்லாகி எழுந்து நிற்பதுபோல் தோன்றிற்று. இப்பாறைகளும் ஒரு காலத்தில் மணலே. நீர் சுமந்து வந்த மணல் அடுக்கடுக்காய் இறுகிக் கல்லாயிற்று. அதிலுள்ள இரும்பு துருவேறி இந்தச் சிவப்பைத் தந்தது. உற்றுப் பார்த்தால் அன்று ஓடிய நீரின் அலைத்தடங்களும் கல்லில் தெரியும்.

காக்ஸ் டவுனுக்கு அடுத்த பிரேசர் டவுனின் அதிகாரப்பூர்வப் பெயர் புலிகேசி நகர் என்பதை நாம் பேருந்துப் பலகையில் பார்த்திருப்போம். அந்தப் புலிகேசியின் தலைநகரம் இதுவே. முதலாம் புலிகேசி 543இல் இங்கே கோட்டை கட்டியதைப் பாறைக் கல்வெட்டு சொல்லுகிறது. செங்குத்தான பாறையைக் குடைந்து செய்த நான்கு குகைகள் உள்ளன. மூன்று சைவ வைணவக் கோயில்கள், நான்காவது சமணருடையது. மூன்றாம் குகையின் கல்வெட்டு 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாம் வணங்கச் செல்லவில்லை. ஆனால் ஒரு தவறான அடி விழுந்தால் திரும்பச் சேர்க்க முடியாத கல்லில், உளி பிடித்த அந்த மனிதர்கள் காட்டிய பொறுமையைக் கண்டு வெட்கமடைந்தேன்.

அருகிலுள்ள ஐஹொளேயில், இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளைப் புகழ்ந்து ரவிகீர்த்தி என்னும் புலவன் 634இல் எழுதிய கல்வெட்டு இருக்கிறது. வடக்கே ஹர்ஷரைத் தடுத்து நிறுத்திய மன்னன் அவன். அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 642இல், காஞ்சியிலிருந்து படையெடுத்துவந்த பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். அவனுடைய கல்வெட்டும் அங்கே பாறையில் உண்டு. புகழ்ச்சி கல்லில் நிலைத்தது. புகழப்பட்டவனுடைய நகரமோ எட்டு ஆண்டுகளில் வீழ்ந்தது.

வாசகரே, இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வை நாடி அங்கே போகவில்லை. என் மகன் என்னோடு பேசி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவன் பிறந்தபோதே அவனை ஊழியத்திற்கென்று அர்ப்பணித்தேன். அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், அவனிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் வேதாகமக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கிவந்து, சபையின் நடுவில் அதை அறிவித்தும்விட்டேன். அவன் மறுத்தான்; வணிகவியல் படிக்கச் சேர்ந்தான். அன்றுமுதல் எங்கள் வீட்டில் மௌனம். "நான்கு நாள் எங்காவது போவோம். சபை இல்லாத இடத்தில் நீங்கள் அப்பாவாக மட்டும் இருங்கள்" என்று என் மனைவி கண்ணீரோடு சொன்னதினாலேயே புறப்பட்டேன்.

இரண்டாம் நாள் மாலை, பாறைகளுக்கு நடுவே இருக்கும் அகஸ்தியர் தீர்த்தம் என்னும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். சூரிய வெளிச்சத்தில் மலை நெருப்பாய்ச் சிவந்தது. மகன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அந்நேரம் என் கைப்பேசி ஒலித்தது. எழுந்துபோய் அரைமணி நேரம் பேசினேன். திரும்பி வந்தபோது அவன், "அப்பா, வீலர் ரோட்டிலுள்ள எல்லா வீட்டிற்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. நம் வீட்டுக்குத்தான் இல்லை" என்றான். எனக்குக் கோபம் மூண்டது. அந்நியர் பார்க்க அவனைக் கடிந்து, அடங்காதவன் என்று சொல்லிவிட்டேன். அவன் விடுதிக்குத் தனியே நடந்து போனான்.

மறுநாள் அதிகாலையில் விடுதித் திண்ணையில் வேதத்தை வாசித்தேன். அன்றைய பகுதி எண்ணாகமம் 20. காதேசில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் முறுமுறுத்தார்கள். கன்மலையோடு பேசும்படி கர்த்தர் மோசேக்குச் சொன்னார். மோசேயோ ஜனங்களைக் கலகக்காரர் என்று கடிந்து, கோலினால் கன்மலையை இரண்டு தரம் அடித்தார். நான் பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் எதிரே அந்தச் சிவந்த பாறை நிற்க, இரண்டு காரியங்களை முதல்முறையாகக் கண்டேன்.

ஒன்று: அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் மோசேயின் சகோதரி மிரியாம் மரிக்கிறாள். மோசே துக்கங்கொண்டாடியதாக அங்கே எழுதப்படவில்லை. உடனே ஜனங்களின் வாக்குவாதம் வருகிறது. துக்கமும் களைப்பும் மேலிட்டவன், பேச வேண்டிய இடத்தில் அடிக்கிறான். மாற்கு 6:31இல் ஆண்டவர் தம்முடைய சீஷரை வனாந்தரமான இடத்திற்குத் தனியே அழைத்தது ஏனென்று அப்பொழுது விளங்கிற்று. புசிக்கவும் நேரமில்லாத ஊழியருக்கு ஓய்வு ஆடம்பரமன்று. அது எஜமானின் கட்டளை.

மற்றொன்று: அடித்தபோதும் தண்ணீர் திரளாய்ப் புறப்பட்டது! ஜனங்கள் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. இழப்பு மோசேக்கும் ஆரோனுக்கும் மாத்திரமே. அவர்கள் கானானுக்குள் பிரவேசிக்கவில்லை. நம் ஊழியத்தில் பலன் காணப்படுவதால் நம் வழி சரியென்று சொல்ல முடியாது. என் சபை பெருகியது, ஜனங்கள் குடித்தார்கள். என் வீட்டிலோ நான் பேசு என்ற இடத்தில் அடித்துக்கொண்டிருந்தேன்.

மகன் எழுந்து வந்தபோது, "தம்பி, உன்னைக் கேளாமல் உனக்காக முடிவு செய்தது என் தவறு. சபையின் நடுவில் சொன்னதும் தவறு. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் கட்டித் தழுவவில்லை. வெகுநேரம் மலையையே பார்த்திருந்துவிட்டு, "சரி அப்பா" என்றான். அன்று மதியம் பட்டதக்கல் போகும் வழியில், எங்கள் பழப்பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓடியதைக் கண்டு சிரித்தான். ஏழு மாதங்களுக்குப் பின் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சாலையோரம் சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் குழம்பும் நால்வரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டோம். கைப்பேசி விடுதியில் இருந்தது.

எல்லாம் சீராயிற்று என்று சாட்சி சொல்ல மாட்டேன். அவன் வணிகவியல்தான் படிக்கிறான். அவனுடைய அழைப்பைக் கர்த்தர் அவனிடமே பேசட்டும். ஆனால் திங்கட்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு அல்சூர் ஏரிவரை நடந்து வருகிறோம். சில வாரம் பேசுவான். சில வாரம் பேசமாட்டான்.

பிரியமானவர்களே, நீங்களும் போய்வாருங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். முதியோருக்குக் குகைப்படிகள் கடினம்; குடிநீரைக் கையில் வைத்திருங்கள்; குரங்குகள் பார்க்கப் பண்டங்களை வெளியே எடுக்காதிருங்கள். விடுதிக்கு வசதியில்லையேல் கடன் வாங்கிப் போகவேண்டாம். ஒரு மாலைப்பொழுதும் ஒரு பூங்காவும் போதும். எங்கே போனாலும், உங்கள் வீட்டில் கன்மலையைப்போல் மௌனமாயிருப்பவரோடு முதலாவது பேசுங்கள். கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களில் சமாதானத்தைக் கட்டளையிடுவாராக. ஆமென்.